அதிகாலை இரண்டு மணிக் கணக்கு: மீண்டும் வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு இரண்டாவது அப்லேஷன், ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் அப்லேஷன் முடிந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, துடிப்பைக் கெடுக்கும் மின்பொறியைத் தழும்பால் அடைக்கும் சிகிச்சை அது. அவர் அறைக்குள் வந்து, உட்காருவதற்கு முன்பே, கோடு போட்ட நோட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"திரும்ப வந்துடுச்சு டாக்டர். ரெண்டு மாசமா."

அவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். ஒவ்வொரு முறை நெஞ்சு படபடக்கும்போதும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நாடி எண்ணிக்கை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஐந்து பத்திகளில் குறித்துவைப்பார். இந்த நோட்டை அவர் எனக்கு முதல் முறை காட்டியது 63 வயதில். அன்று நான் அதில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று மட்டும் எண்ணினேன். இரண்டாவது பத்தியில் என்ன இருந்தது என்பதை ஒழுங்காகப் படித்தது அவர் திரும்பி வந்த பிறகுதான். இந்த ஆய்வை எழுதவே அதுதான் காரணம். அவர் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் சுற்று

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏ.எஃப்.) என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், கட்டுப்பாடில்லாத மின்னலைகளால் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. கீழறைகளுக்கு வரும் சமிக்ஞையும் தாறுமாறாகிவிடுவதால் நாடி ஒழுங்கு தப்பி, பெரும்பாலும் வேகமாக ஓடும். சிலருக்கு நெஞ்சு படபடப்பு, சிலருக்கு மூச்சு வாங்குதல், சிலருக்கு வெறும் அசதி. எதுவுமே தெரியாதவர்களும் உண்டு. நடுங்கும் மேலறையில், குறிப்பாக இடது மேலறையோடு ஒட்டிய அப்பெண்டேஜ் என்னும் சின்னப் பையில், இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பைவிட எங்களுக்குப் பயம் அதுதான்.

இவருக்கு வந்தது விட்டுவிட்டு வரும் வகை. தானாக வரும், சில மணி நேரம் இருக்கும், தானாக அடங்கிவிடும். மூன்று வருடமாக இருந்து, கடைசியில் மாதம் ஐந்தாறு முறை என்றாகியிருந்தது. உயர் இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிட்டு வந்தார். சர்க்கரை நோய் இல்லை. தைராய்டு பரிசோதனை சரியாக இருந்தது. எடை 92 கிலோ, உயரம் 168 செ.மீ., அதாவது உடல் நிறை குறியீடு 32.6. எக்கோவில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 60 சதவீதம், வால்வுகள் நன்றாக இருந்தன, இடது மேலறை மட்டும் லேசாகப் பெரிதாகி 42 மி.மீ. இருந்தது. துடிப்பைச் சீராக்கும் ஃபிளெகைனைடும் வேகத்தைக் குறைக்கும் மெட்டோபுரோலாலும் எட்டு மாதம் கொடுத்துப் பார்த்தோம். குறைந்தது, நிற்கவில்லை. அப்லேஷன் செய்வது என்று முடிவானது.

அப்லேஷன் எங்கே, ஏன் என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1998இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளிகளில் இந்தக் கோளாறைத் தூண்டிவிடும் துடிப்புகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தேடினார்கள். கண்டுபிடித்த 69 இடங்களில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. நுரையீரலிலிருந்து இரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் அந்த நான்கு சிரைகளுக்குள் மேலறைத் தசை சில சென்டிமீட்டர் தூரம் உறைபோல ஏறியிருக்கும். அந்தத் தசையிலிருந்து கிளம்பும் பொறிதான் மேலறை முழுவதையும் பற்ற வைக்கிறது. சிரைகள் மேலறைக்குள் திறக்கும் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ குளிராலோ மின்துடிப்பாலோ ஒரு வளையம் போல் தழும்பு உண்டாக்கிவிட்டால், உள்ளே என்ன பொறி பறந்தாலும் வெளியே வராது. சிரைத் தனிமைப்படுத்தல் என்று இதைச் சொல்கிறோம். இன்றுவரை எல்லா ஏ.எஃப். அப்லேஷனுக்கும் அடித்தளம் இதுதான்.

அவருக்கு ரேடியோ அலை வெப்பத்தால் இரண்டு வளையங்கள் போட்டோம். இடப்பக்கச் சிரைகள் இரண்டையும் சுற்றி ஒன்று, வலப்பக்கச் சிரைகளைச் சுற்றி ஒன்று. நான்கும் அடங்கின. இருபது நிமிடம் காத்திருந்து பார்த்தோம், அப்போதும் அடங்கியே இருந்தன. மறுநாள் வீட்டுக்குப் போனார். முதல் ஐந்து வாரத்தில் இரண்டு முறை படபடப்பு வந்து போனது. அப்புறம் நிம்மதி. மூன்று மாதத்தில் ஃபிளெகைனைடை நிறுத்தினோம். பதினோராம் மாதம் வரை நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை.

திரும்பி வந்தது என்ன?

அப்லேஷனுக்குப் பிறகு படபடப்பு என்று யார் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது, அது எந்த வகைத் துடிப்பு என்று ஈ.சி.ஜி.யில் பிடிப்பது. பழைய ஃபிப்ரிலேஷனே திரும்பியிருக்கலாம். போட்ட தழும்பைச் சுற்றியே மின்சாரம் வட்டமடிக்கும் ஒழுங்கான வேகத்துடிப்பாக இருக்கலாம். வெறும் கூடுதல் துடிப்புகளாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

மார்பில் ஒட்டும் பேட்ச் மானிட்டரைப் பதினான்கு நாள் போட்டோம். மூன்று முறை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவாகியிருந்தது: 6 மணி 40 நிமிடம், 3 மணி 10 நிமிடம், 2 மணி 5 நிமிடம். மொத்தம் கிட்டத்தட்ட 12 மணி நேரம், அதாவது பதிவு ஓடிய நேரத்தில் மூன்றரை சதவீதம். அவர் நோட்டில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது வந்தபோது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். 'ஒன்றும் தெரியவில்லை, ஆகவே வரவில்லை' என்று நோயாளி சொல்வதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

அப்லேஷன் செய்த இடம் ஆறுவதற்காக விடும் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு 30 விநாடிக்கு மேல் ஃபிப்ரிலேஷன் பதிவானாலே 'திரும்பி வந்தது' என்று ஆய்வுகளில் கணக்கு வைப்பார்கள். அது ஆய்வுக்கான அளவுகோல். 30 விநாடிக்காக யாரையும் இரண்டாவது முறை மேசையில் படுக்க வைக்க மாட்டோம். ஆனால் இவர் நிலை வேறு. ஆறேழு மணி நேரம் நீடிக்கிறது, தூக்கம் கெடுகிறது, மறுநாள் முழுக்க ஓய்ந்துபோய்க் கிடக்கிறார்.

"மறுபடியும் செஞ்சிடலாமா டாக்டர்? எனக்குப் பயமில்ல."

செய்திருக்கலாம். நோய் திரும்பி வந்தவர்களில் பலருக்கு, வளையத்தில் ஏற்பட்ட இடைவெளி வழியாக ஏதோ ஒரு சிரை மேலறையோடு மறுபடி இணைந்துதான் இருக்கும். உள்ளே போய் அந்த இடைவெளியைத் தேடி மூடுவது எங்களுக்குப் பழகிய வேலை. தேதிகூடக் கொடுத்திருப்பேன். நோட்டைப் புரட்டினேன். இரண்டு மாதத்தில் பதினொரு வரிகள். 'தொடங்கிய நேரம்' என்ற பத்தியில் 2:10, 1:40, 3:25, 2:50 என்று ஓடியது. பதினொன்றில் ஒன்பது, அதிகாலை ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில். பழைய பக்கங்களைத் திருப்பினேன். முதல் அப்லேஷனுக்கு முன்பும் அதே கதை. ஐந்தாவது பத்தியில் வரிசையாக ஒரே சொல்: 'தூக்கம்', 'தூக்கம்', 'தூக்கம்'.

அவர் மனைவி பக்கத்தில்தான் இருந்தார். "அம்மா, இவர் குறட்டை விடுவாரா?" என்று கேட்டேன்.

"குறட்டையா? அடுத்த அறை வரைக்கும் கேட்கும் டாக்டர். அதுகூடப் பரவாயில்லை. நடுவுல திடீர்னு சத்தமே இருக்காது. மூச்சு நின்னுடுச்சோன்னு தட்டி எழுப்புவேன். பத்துப் பன்னிரண்டு வருஷமா இப்படித்தான்."

பத்துப் பன்னிரண்டு வருடம்! முதல் அப்லேஷனுக்கு முன் நான் அவரை நான்கு முறை பார்த்திருக்கிறேன். எக்கோ பார்த்தேன், தைராய்டு பார்த்தேன், மன அழுத்தம் பற்றிக்கூடக் கேட்டேன். தூக்கம் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த அம்மாவும் நான்கு முறையும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இது என் தவறு. அவர்கள் இருவரிடமும் அன்றே அதைச் சொன்னேன்.

தூக்கத்தில் நடப்பது

தூக்கப் பரிசோதனை எடுத்தோம். மணிக்கு சராசரியாக 38 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. மணிக்கு 30 முறை இருந்தாலே தீவிர ஸ்லீப் ஆப்னியா. இரத்த ஆக்சிஜன் அளவு ஒரு கட்டத்தில் 78 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். ஆசிரியர் அல்லவா, படம் போட்டே விளக்கினேன். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்கிறது. மார்பு விடாமல் இழுக்கிறது, காற்று வரவில்லை. மூடிய வழிக்கு எதிராக இழுக்க இழுக்க மார்புக்குள் அழுத்தம் கீழே போகிறது. கீழறைச் சுவர் தடிமனானது, தாங்கிக்கொள்ளும். மேலறைச் சுவர் சில மில்லிமீட்டர்தான். அது வெளிப்பக்கம் இழுபட்டு விரிகிறது. அதே நேரத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. முதலில் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. மூளை விழித்துக்கொண்டதும் அட்ரினலின் பாய்கிறது, இரத்த அழுத்தம் எகிறுகிறது. இழுபட்ட சுவர், மாறி மாறி வரும் நரம்புத் தூண்டல், ஆக்சிஜன் பற்றாக்குறை எல்லாம் ஒரே நிமிடத்துக்குள். ஒரு மணி நேரத்தில் 38 முறை. இப்படிப் பத்து வருடம் நடந்தால் மேலறை பெரிதாகும், தசைக்கு நடுவே நார்த் திசு படியும். அந்தத் திசு ஃபிப்ரிலேஷனுக்கு விளைநிலம்.

நாங்கள் வளையம் போட்டது பொறியை அடைத்துவைக்க. பொறி விழும் வைக்கோலை யாரும் கவனிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்லீப் ஆப்னியாவுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு அப்லேஷனுக்குப் பின் ஏ.எஃப். அதிகம் திரும்புகிறது என்பதைப் பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய சிறிய ஆய்வுகளில், தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி மட்டுமே ஏ.எஃப்.ஐக் குறைத்தது என்று தெளிவாக நிரூபணமாகவில்லை. அதனால் 'இந்தக் கருவியைப் போட்டால் படபடப்பு நின்றுவிடும்' என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. இவ்வளவு தீவிரமான ஆப்னியாவுக்கு இதயத்தில் கோளாறே இல்லாவிட்டாலும் சிகிச்சை தேவை. பகல் தூக்கம், காலைத் தலைவலி, கட்டுப்படாத இரத்த அழுத்தம் எல்லாம் அதோடு வருபவை. இவருக்கு மூன்றும் இருந்தன.

எடை விஷயத்தில் சான்று உறுதியானது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த லெகசி ஆய்வு 2015இல் வெளிவந்தது. 355 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து, அதைத் தக்கவைத்தவர்கள் படபடப்பு இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. ஏறி இறங்கி ஊசலாடியவர்களுக்கு அந்தப் பலன் குறைந்தது.

ஆகவே நான் சொன்னது: இரண்டாவது அப்லேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆறு மாதம் தள்ளிப்போடுவோம். அவருக்குப் பிடிக்கவில்லை. "அதுக்குள்ள இது முத்திப் போச்சுன்னா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விட்டுவிட்டு வருவது நிரந்தரமாகிவிட்டால் அப்லேஷனின் பலன் குறையும் என்பது உண்மை. 2020இல் வெளிவந்த ஈஸ்ட் ஆய்வும், துடிப்பைச் சீராக்கும் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவது பக்கவாதம் போன்ற பாதிப்புகளைக் குறைக்கிறது என்றே காட்டியது. அதனால் சும்மா காத்திருக்கவில்லை. ஃபிளெகைனைடை மறுபடி தொடங்கினோம். மாதம் ஒருமுறை வரச் சொன்னேன். அடிக்கடி வந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ உடனே அப்லேஷன் என்று பேசிக்கொண்டோம்.

சீபேப் கருவி முதல் மூன்று வாரம் போர்க்களம்தான். மூக்கின் மேல் மட்டும் பொருந்தும் முகமூடி. அவருக்கோ வாயால் மூச்சு விடும் பழக்கம். காற்று வாய் வழியே ஓடித் தொண்டை காய்ந்தது. இரவு ஒரு மணிக்குக் கழற்றி வீசிவிட்டார் என்று மனைவி ஃபோன் செய்தார். சரியாக ஃபிப்ரிலேஷன் வரும் நேரத்தில் கருவி தரையில் கிடக்கிறது! மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடிக்கு மாற்றி, ஈரப்பதம் சேர்க்கும் தொட்டியையும் பொருத்திய பிறகு இரவில் ஐந்தரை மணி நேரம் வரை போட்டுக்கொள்ளத் தொடங்கினார். கருவி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு முகமூடி பொருந்தவில்லை என்பதுதான் என் அனுபவம்.

ஐந்தரை மாதம் கழித்து எடை 83 கிலோ. இரத்த அழுத்தம் 150/92இலிருந்து 128/78. நோட்டில் மாதம் இரண்டு வரி. ஐந்தாறிலிருந்து இரண்டு. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. எனக்கு அது நல்ல செய்தி. மிச்சமிருக்கும் இரண்டுக்குச் சிரைதான் காரணமாக இருக்க வேண்டும், அதை உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது.

இரண்டாவது முறை உள்ளே

செயல்முறைக்கு முன் சி.டி. ஸ்கேனில் நான்கு சிரைகளும் சுருங்காமல் இருந்தன. முதல் அப்லேஷனால் சிரை வாய் சுருங்கியிருந்தால் அதற்குள் மறுபடி சூடு வைப்பது ஆபத்து. உணவுக்குழாய் வழியாக எடுத்த எக்கோவில் அப்பெண்டேஜில் இரத்தக் கட்டி இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபானை நிறுத்தவில்லை. முழு மயக்கத்தில், வலது தொடைச் சிரை வழியாகக் கதீட்டர்களை ஏற்றினோம். இதயத்துக்குள்ளிருந்தே படம் காட்டும் எக்கோ கதீட்டரின் துணையோடு இரு மேலறைகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் போனோம். இரத்தம் உறைய எடுக்கும் நேரம் 300 விநாடிக்கு மேல் இருக்கும்படி ஹெபாரின் ஓடிக்கொண்டிருந்தது.

நெருக்கமான மின்முனைகள் கொண்ட வரைபடக் கதீட்டரால் இடது மேலறை முழுவதையும் தொட்டுத் தொட்டு மின்னழுத்த வரைபடம் எடுத்தோம். வலப்பக்க வளையம் முழுசாக இருந்தது. இரண்டு சிரைகளுக்குள்ளும் மின் அமைதி. இடப்பக்கச் சிரைகள் இரண்டும் உயிரோடு துடித்தன. மேலறையின் மற்ற சுவர்களில் மின்னழுத்தம் நன்றாகவே இருந்தது, புதிய நார்த் தழும்பு இல்லை. இடது வளையத்தில் சமிக்ஞை முதலில் நுழையும் இடம் சிரைக்கும் அப்பெண்டேஜுக்கும் நடுவே உள்ள மேட்டில் இருந்தது.

அந்த மேடு எங்கள் தொழிலில் பேர்போன இடம். ஒரு பக்கம் சிரையின் குழி, மறுபக்கம் அப்பெண்டேஜின் குழி, நடுவில் ஒடுங்கிய வரப்பு. கதீட்டர் நுனி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வழுக்கும். தசையும் இங்கே தடிமன். முதல் முறை இங்கே வைத்த சூடு ஆழமாக இறங்கவில்லை. அந்த நேரத்தில் தசை வீங்கி மரத்துப்போய் மின்சாரம் கடத்தாமல் இருந்ததால் 'அடங்கிவிட்டது' என்று நமக்குத் தோன்றியது. இருபது நிமிடம் என்ன, இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் சில சமயம் இது தெரியாது. வீக்கம் வடிந்து வாரங்கள் போனதும் சாகாத நார்கள் விழித்துக்கொள்கின்றன. இரண்டாவது அப்லேஷன் தேவைப்படுவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான்.

வளைக்கக்கூடிய உறையால் கதீட்டரை நிலைநிறுத்தி, சுவரின் மேல் அழுத்தம் 10 முதல் 20 கிராமுக்குள் இருக்கும்படி பார்த்து, அந்த மேட்டில் சூடு வைத்தோம். சிரைக்குள் சமிக்ஞை தாமதமானது. ஆனால் நிற்கவில்லை. மறுபடி வரைபடம் எடுத்தபோது நுழைவாயில் இடம் மாறியிருந்தது. இப்போது பின்சுவரில், கீழ்ச் சிரையின் அடியில். ஒரு கதவை மூடியதும் இன்னொரு கதவு கண்ணில் பட்டது.

முதல் செயல்முறையின் பதிவை எடுத்துப் பார்த்தோம். சரியாக அந்தப் புள்ளியில், உணவுக்குழாய்க்குள் இருந்த வெப்பமானி ஏறியதால் சூட்டைப் பாதியில் நிறுத்தியிருந்தோம். உணவுக்குழாய் இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே போகிறது. அங்கே ஆழமாகச் சூடு பட்டால் இரண்டுக்கும் நடுவே துளை விழலாம். மிக மிக அரிது, ஆனால் விழுந்தால் பெரும்பாலும் உயிர் போகும். முதல் முறை நிறுத்தியது சரியான முடிவு, அதே முடிவுதான் இடைவெளியையும் விட்டுவைத்தது. இதில் யார் மேலும் குறை சொல்ல முடியாது. நல்ல வேளையாக உணவுக்குழாய் ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை. இந்த முறை அது சுமார் ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. குறுகிய நேர, அதிக ஆற்றல் கொண்ட சூடுகளை, வெப்பமானி ஆறிய பிறகே அடுத்தது என்று ஒவ்வொன்றாக வைத்தோம். மூன்றாவதில் சிரைச் சமிக்ஞை சட்டென்று மறைந்தது. கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன், "போச்சு சார், எல்.ஐ. போச்சு" என்றார். எல்.ஐ. என்றால் இடப்பக்கக் கீழ்ச் சிரை. இந்த வேலையில் எனக்கு இன்றும் மயிர் சிலிர்க்கும் நொடி அதுதான்.

வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. உள்ளிருந்து தூண்டினாலும் வெளியே வரவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தோம். அடினோசின் கொடுத்து, மரத்துப்போன நார் எதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இரண்டாவது முறை உள்ளே போகிறோம் என்றால் சிரைகளுக்கு வெளியே வேறு பொறி உண்டா என்று தேடாமல் வரக் கூடாது என்பது என் கருத்து. ஐசோபிரினலின் சொட்டு போட்டு இதயத்தை வேகப்படுத்தினோம். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கூடுதல் துடிப்பு, உடனே ஃபிப்ரிலேஷன். மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கினோம். மீண்டும் அதே துடிப்பு, மீண்டும் ஃபிப்ரிலேஷன். இந்த முறை கதீட்டர் சரியான இடத்தில் இருந்தது: பொறி மேற்பெருஞ்சிரையிலிருந்து கிளம்பியது, அதாவது தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இரத்தத்தை வலது மேலறைக்குக் கொண்டுவரும் பெருங்குழாயிலிருந்து. முதல் செயல்முறையில் நாங்கள் ஐசோபிரினலின் கொடுக்கவில்லை.

அந்தச் சிரையைச் சுற்றிச் சூடு வைப்பதில் இரண்டு கண்ணிகள். அதன் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு ஓடுகிறது. அது சுட்டுவிட்டால் வலப்பக்க உதரவிதானம் செயலிழக்கும். அடியில் இதயத்தின் இயற்கைப் பேஸ்மேக்கரான சைனஸ் கணு இருக்கிறது. அது சுட்டுவிட்டால் செயற்கைப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். அதனால் தசை தளர்த்தும் மருந்தின் வேகம் அடங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு புள்ளியிலும் அதிக மின்சாரத்தில் தூண்டிப் பார்த்தோம். வயிறு விக்கல்போலத் துள்ளினால் நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள், அந்த இடத்தைத் தொடக் கூடாது. கணுவின் இடத்தை வரைபடத்தில் முன்பே குறித்திருந்தோம். துள்ளாத உட்பக்கச் சுவரில் மட்டும், கணுவுக்கு மேலே விலகி, ஐந்து புள்ளிகள். மேற்பெருஞ்சிரை அடங்கியது. மறுபடி ஐசோபிரினலின், கூடுதல் துடிப்புகள் சில வந்தன, ஃபிப்ரிலேஷன் வரவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, மேலறைக் கூரையில சூட்டால ஒரு கோடு போட்டுடலாமா சார்?" என்று உடனிருந்த இளம் மருத்துவர் கேட்டார். வேண்டாம் என்றேன். 2015இல் வந்த ஸ்டார் ஏ.எஃப். 2 ஆய்வில், தொடர்ந்து நீடிக்கும் வகை ஏ.எஃப். உள்ள 589 பேரில்கூட, சிரைகளை மட்டும் தனிமைப்படுத்தியதைவிடக் கூடுதல் கோடுகள் போட்டது எந்தப் பலனும் தரவில்லை. அரைகுறையான கோடு, புதிய வட்டத்துடிப்புக்கு வழி போட்டுக்கொடுக்கும். இவருக்கோ விட்டுவிட்டு வரும் வகை, சுவரில் தழும்பு இல்லை. ஆரோக்கியமான தசையைச் சுட எனக்கு மனமில்லை.

மின்துடிப்பு முறையில் செய்திருக்கலாமே என்று அவர் பின்னர் கேட்டார், எங்கோ படித்திருக்கிறார். வெப்பமில்லாமல் மின்புலத்தால் முக்கியமாகத் தசைச் செல்களைத் துளைத்து அழிக்கும் முறை அது. உணவுக்குழாய்க்கும் ஃப்ரெனிக் நரம்புக்கும் ஆபத்து குறைவு. 2023இல் வெளியான அட்வென்ட் ஆய்வில் வெப்ப, குளிர் முறைகளுக்கு அது சளைத்ததல்ல என்று தெரிந்தது. முதல் அப்லேஷனுக்கு இப்போது நானே அதை விரும்புகிறேன். இவருக்குத் தேவைப்பட்டது இரண்டு மூன்று இடத்தில் ஊசி முனை வேலை என்பதால் கைக்குப் பழகிய ரேடியோ அலைக் கதீட்டரை எடுத்தேன். வேறொருவர் வேறு விதமாக முடிவெடுத்திருந்தாலும் தவறு சொல்ல மாட்டேன்.

இதய உறைக்குள் இரத்தம் கசியவில்லை என்று எக்கோவில் உறுதிசெய்துகொண்டு முடித்தோம். மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது அந்த அம்மாவிடம் ஒரு தாள் கொடுத்தேன். அடுத்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் நேரே எங்களிடம் வர வேண்டும். வேறு எங்கு போனாலும் அப்லேஷன் செய்த விவரத்தை முதலில் சொல்ல வேண்டும். எண்டோஸ்கோப்பி செய்ய விடக் கூடாது, முதலில் சி.டி. ஸ்கேன். உணவுக்குழாயில் துளை இருந்தால் எண்டோஸ்கோப்பியில் செலுத்தும் காற்று இதயத்துக்குள் போய்விடும். இந்தத் தாளை அப்லேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு

ஒன்பதாம் நாள் அதிகாலை ஃபோன் வந்தது. இரண்டு மணி நேரமாகப் படபடக்கிறது. "எல்லாம் வீணாப் போச்சா டாக்டர்?" குரல் உடைந்திருந்தது. இல்லை என்றேன். சுட்ட இடம் ஆறும்வரை வீக்கத்தாலேயே இப்படி வரும். முன்பு இந்தக் காத்திருப்புக் காலத்தை மூன்று மாதம் என்று வைத்திருந்தார்கள். 2024இல் பன்னாட்டு நிபுணர் குழு அதை எட்டு வாரமாகக் குறைத்தது. இரண்டாவது மாத இறுதியில் வந்தால் கவலைப்படலாம், இரண்டாவது வாரத்தில் வருவதை வைத்துத் தோல்வி என்று சொல்ல முடியாது. அன்று மதியமே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வரவில்லை.

மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாதங்களில் பதினான்கு நாள் பேட்ச் போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் ஃபிப்ரிலேஷன் இல்லை. கூடுதல் துடிப்புகள் அங்கங்கே உண்டு. ஃபிளெகைனைடு நிறுத்தியாகிவிட்டது. எடை 81 கிலோ. மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானம் இரண்டு பக்கமும் சரியான உயரத்தில் இருக்கிறது.

எது குணப்படுத்தியது என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. முகமூடியும் எடைக் குறைவும் ஃபிளெகைனைடும் சேர்ந்து வரிகளை ஐந்தாறிலிருந்து இரண்டாக்கின, இரண்டிலிருந்து பூஜ்யமாக்கியது கதீட்டர். அதற்கு மேல் ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட மாட்டேன். முதல் முறையே குறட்டையைப் பற்றிக் கேட்டிருந்தால் இரண்டாவது அப்லேஷன் தேவைப்பட்டிருக்காதா? மேட்டில் இருந்த இடைவெளியையும் மேற்பெருஞ்சிரையையும் பார்க்கும்போது, தேவைப்பட்டிருக்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் ஐந்து மாத அலைச்சலும் பல இரவுகளின் பயமும் இல்லாமல் போயிருக்கும். இப்போது ஏ.எஃப். என்று யார் வந்தாலும், ஈ.சி.ஜி.யைக் கையில் எடுப்பதற்கு முன் உடன் வந்தவரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறேன். நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை. தூங்குபவருக்குத் தன் குறட்டை தெரியாது.

பன்னிரண்டாம் மாதம் வந்தபோது அபிக்சபானை நிறுத்தலாமா என்று கேட்டார். அவர் வயது 65ஐத் தாண்டிவிட்டது, இரத்த அழுத்தமும் உண்டு. பக்கவாத ஆபத்தைக் கணக்கிடும் மதிப்பெண் 2. துடிப்பு சீராகிவிட்டது என்பதை வைத்து இந்த மாத்திரையை நிறுத்துவதில்லை, பக்கவாத ஆபத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். தூக்கத்தில் தெரியாமல் வந்துபோன அந்த மூன்றாவது பதிவை அவருக்கு நினைவுபடுத்தினேன். தலையை ஆட்டினார். மாத்திரை தொடர்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனையோடு.

நோட்டைக் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேட்டேன். கொண்டுவந்திருந்தார். ஐந்து பத்திகளும் அப்படியே கோடு போட்டு இருந்தன, ஆறாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: 'முகமூடி, எத்தனை மணி நேரம்'. முதல் ஐந்தும் காலியாக, அந்த ஒன்று மட்டும் தினமும் நிரம்பியிருந்தது. அதில் கடந்த வாரம் இரண்டு நாள் வெறும் மூன்று மணி நேரம்தான் என்று இருந்ததைக் காட்டி, ஏன் என்று கேட்டேன். சளி பிடித்திருந்தது என்றார். மூக்கடைப்புக்கு மருந்து எழுதிக் கொடுத்தேன்.